எட்டு பி கரும்பலகையில் இருபத்தைந்து

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்
ஆசிரியர் அறை, முதல் மாடி

ஜஹீதா,

'மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு' என்று தொடங்கும் கடிதம் தனியாக வருகிறது. உன் மெமோவுக்கு நான் தரவேண்டிய விளக்கம் அதில் ஒரு பக்கத்தில் கையெழுத்தோடு இருக்கிறது. இந்தக் கடிதம் கோப்புக்குள் போக வேண்டாம். பி.எட். படித்தபோது ஒரு வருடம் முழுக்க என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு இதை எழுதுகிறேன். நேரில் வந்தால் என் குரல் உயர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் எழுதினால் என்ன ஆகும் என்பதை நாம் இருவருமே சனிக்கிழமை பார்த்துவிட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை எட்டு பி-யில் ஒரு கணக்கு கொடுத்தேன். ஓர் ஆட்டோவின் சராசரி வேகம் என்ன என்று கேட்கும் கணக்கு. இரண்டே வரி. சிம்ரா பலகைக்கு வந்து 25 என்று எழுதினாள். டியூஷன் போகும் பிள்ளைகள் 24 என்றார்கள். எது சரி என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பில் எழுதப்பட்ட விடையை, வகுப்பே பேசி முடிவு செய்யும்வரை நான் அழிப்பதில்லை. பலகையின் மூலையில் 'இன்னும் முடியவில்லை' என்று எழுதிவைப்பேன். வகுப்புகளைச் சுத்தம் செய்யும் வேம்பு அக்காகூட அந்த இடத்தைச் சுற்றித்தான் துடைப்பார். இது உனக்குத் தெரியாததல்ல. நான் இங்கே சேர்ந்த முதல் மாதம் நீ வந்து பார்த்துவிட்டு, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா உனக்குப் பொறுமை ஜாஸ்தி' என்று சொன்னாய்.

நான்கு நாள் சண்டை நடந்தது. சாப்பாட்டு நேரத்திலும் ஸ்கேலை வைத்து மேஜையில் ஆட்டோ ஓட்டினார்கள். ஒரு கணக்குக்காக எட்டாம் வகுப்புப் பெண்கள் இப்படி அடித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அச்யுத் என்பவர் பலகையைப் பார்த்துவிட்டு, 'ஆன்சர் என்ன மேடம்?' என்று கேட்டார். 'பசங்க இன்னும் முடிவு பண்ணல சார்' என்றேன். அவர் படம் எடுத்தது எனக்குத் தெரியாது. டீச்சருக்கே விடை தெரியவில்லை என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை இரண்டாம் பீரியடில் நீ கதவைத் தட்டாமல் வந்தாய். சிவப்பு சாக்பீஸை எடுத்து 25-ஐக் குறுக்கே அடித்தாய். 24 என்று எழுதி அடியில் சூத்திரத்தையும் எழுதினாய். 'இதுதான் சரி, நோட்ல எழுதிக்கோங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். எல்லாம் சேர்ந்து ஒன்றரை நிமிடம். நான்கு நாள் கத்திய வகுப்பு இரண்டே நிமிடத்தில் எழுதி முடித்து நோட்டை மூடியது.

மெமோவில் 'பாடப்பொருளில் தெளிவின்மை' என்று எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு சொல்லை நான் பல தடவை படித்துவிட்டேன்.

நீ எழுதிய 24-ஐ நான் அழிக்கவில்லை. என் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே விதிதான்.

ஸஹானா


6 ஆகஸ்ட், புதன்

ஸஹானா,

உன் கடிதம் நன்றாக இருக்கிறது. எப்போதுமே நீ நன்றாக எழுதுவாய். நான் நேராகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மதியத்துக்குள் பெற்றோர் குழுவில் நூற்றுப் பன்னிரண்டு செய்திகள். தாளாளர் ராகவேந்திரன் சார் மூன்று தடவை போன் செய்தார். 'எது சரியான விடை, நீங்களாவது சொல்லுங்கோ' என்று கேட்டார். 24 என்று சொன்னேன். அவர் அதை என் பெயர் போட்டுக் குழுவில் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு பலகையில் 25 இருக்க முடியுமா?

நீ ஒரு வகுப்பைப் பார்க்கிறாய். எனக்கு முப்பத்தொரு ஆசிரியர்கள், அறுநூற்று நாற்பது பெண்கள். உன் முறை நல்லதுதான். அது நல்லது என்று மற்றவர்களுக்கு விளக்குவது மட்டும் என் வேலையாகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க, வகுத்தல் கணக்கில் நடுவில் பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் நான் பூஜ்யம் போடாமல் விட்டேன். என் நோட்டில் வாரா வாரம் டிக் விழுந்தது. யாரும் உள்ளே பார்க்கவில்லை. வாப்பா கடையில் இருப்பார், உம்மா தையல் மெஷினில். கேட்க வீட்டில் ஆள் கிடையாது. ஏழாம் வகுப்பில் ஒரு டீச்சர் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். திருவல்லிக்கேணியில் அந்தப் பள்ளி இருந்த தெருவைத் தாண்டும்போது இன்றைக்கும் எனக்குக் காது சுடும். அதனால் ஒரு பெண்ணைத் தப்பான விடையோடு ஒரு வாரம் உட்காரவைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டியூஷன் போகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. போகாதவர்களுக்கு நீ மட்டும்தான்.

தட்டாமல் வந்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். உன் தகுதிகாண் காலம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. பதினான்காம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது. உன்னைப் பணி நிரந்தரம் செய்ய நான் பரிந்துரைக்க வேண்டும். இப்போதைய நிலையில் எழுதினால் சார் கையெழுத்துப் போடமாட்டார். நானும் இந்த நாற்காலியில் ஒரு வருடச் சோதனையில்தான் இருக்கிறேன். என் பேச்சுக்கு அவ்வளவுதான் எடை.

ஒரு வழி இருக்கிறது. பெற்றோர் குழுவுக்கு இரண்டே வரி எழுது. 'பலகையில் இருந்த விடை தவறு. திருத்தப்பட்டுவிட்டது, வருந்துகிறேன்.' அவ்வளவு போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜஹீதா


7 ஆகஸ்ட், வியாழன்

ஜஹீதா,

அந்த இரண்டு வரியை என்னால் எழுத முடியாது. 25 சரியான விடை.

கணக்கை மறுபடி எழுதுகிறேன். இந்தத் தடவை படி. 'ஓர் ஆட்டோ முதல் அரை மணி நேரம் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அடுத்த அரை மணி நேரம் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சராசரி வேகம் என்ன?' முதல் அரை மணியில் பத்து கிலோமீட்டர். அடுத்த அரை மணியில் பதினைந்து. ஆக ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்து. போகும்போது ஒரு வேகம், அதே வழியில் திரும்பும்போது இன்னொரு வேகம் என்றால்தான் உன் சூத்திரம் பொருந்தும். அப்போது 24. டியூஷனில் அதை மட்டும் மனப்பாடம் செய்துவைக்கிறார்கள். 20, 30 என்று பார்த்ததும் கை தானாக 24 எழுதும். அதைக் கலைக்கத்தான் இந்தக் கணக்கையே கொடுத்தேன். அச்யுத் கேள்வியைப் படிக்கவில்லை. நீயும் படிக்கவில்லை. நீ விடையை மட்டும் பார்த்தாய்.

இதுவரை எழுதியது சுலபம். இனி வருவது எனக்குக் கஷ்டம்.

நீ சாக்பீஸைத் தூக்கியபோதே, எழுதப்போவது தப்பு என்று எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு பெண்கள் முன்னால் உன்னைத் தடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அது நியாயம். ஆனால் நீ மாடிப்படி இறங்கும்போது பின்னாலேயே வந்து சொல்லியிருக்கலாம். வரவில்லை. செவ்வாய்க்கிழமை உனக்கு அவ்வளவு பெரிய கடிதம் எழுதினேன், அதிலும் சொல்லவில்லை. நீயே கண்டுபிடிக்கட்டும், அதுதான் என் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீ தனியாக அதைக் கண்டுபிடித்து வெட்கப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மெமோ கொடுத்தவளுக்கு அது கிடைக்கட்டும் என்று.

இன்னொருத்திக்கும் தெரியும். திங்கட்கிழமை மதியம் சிம்ரா என்னிடம் வந்தாள். 'மிஸ், ஹெச்.எம். மிஸ் எழுதுனது தப்பு மிஸ். ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.'

அவள் பெயரை எழுதிவிட்டேன். அவளை எதுவும் கேட்காதே.

ஸஹானா


8 ஆகஸ்ட், வெள்ளி

ஸஹானா,

மூன்று நாள்.

ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து. முப்பது நொடிகூட ஆகவில்லை. நான் எம்.எஸ்சி. கணிதம். பத்து வருடம் இதே பாடம் எடுத்திருக்கிறேன்.

என் மேல் எனக்குள்ள கோபம் தனி. உன் மேல் உள்ளதை இங்கே எழுதுகிறேன். உன் வகுப்பில் ஒரு பெண் தப்பாக எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள், மணி அடித்ததும் மறந்துவிடும். நான் எழுதிய தப்பு தாளாளர் வழியாக முந்நூறு பெற்றோருக்குப் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் அது இன்னும் பரவிக்கொண்டிருந்தது. நீ மேல் மாடியில் உட்கார்ந்து, நான் எப்போது விழிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைப் பிள்ளையாக வைத்துப் பாடம் நடத்தினாயா? பரீட்சை வைத்தாயா?

மெமோவைத் திரும்பப் பெறுகிறேன். அந்தத் தாள் இத்துடன் இருக்கிறது, கிழித்துவிடு. குழுவில் இனி யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்று சார் சொல்கிறார். பேச்சு அடங்கிவிட்டது. பதினான்காம் தேதி உன் பெயரைப் பரிந்துரைக்கிறேன். கையெழுத்தாகிவிடும். 25, 24 இரண்டையும் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம்.

இன்று மாலை பலகையைச் சுத்தமாக அழிக்கச் சொல்லிவிட்டேன். வேம்பு அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, 'இன்னா மேடம், அந்த டீச்சர் தொடவே கூடாதுன்றாங்கோ, நீங்க இன்னாடான்னா அழின்றீங்கோ. ரெண்டு பேரும் பேசிக்கினு ஒரு முடிவுக்கு வாங்க, அப்பால துணிய எடுக்கறேன்' என்றார். நானே போய் அழித்துவிட்டு வந்தேன்.

ஜஹீதா


11 ஆகஸ்ட், திங்கள்

ஜஹீதா,

சுத்தமான பலகையைப் பிள்ளைகள் இன்று பார்த்தார்கள். 'மிஸ், கடைசில எதுதான் மிஸ் கரெக்ட்டு?' என்று ஒருத்தி கேட்டாள். 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று வழக்கம்போலத் திருப்பிக் கேட்டேன். சிம்ரா தலையைத் தூக்கவில்லை. 'விடுங்க மிஸ், அடுத்த கணக்குப் போகலாம்' என்றாள். பதின்மூன்று வயதுப் பெண் இவ்வளவு சமர்த்தாகப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உன் கடிதத்தோடு இருந்தேன். பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்தபடி உன்னோடு மனசுக்குள் வாதாடினேன். எல்லா வாதத்திலும் நான்தான் ஜெயித்தேன். எதிரில் நீ இல்லையே! திரும்பி வரும்போதுதான் ஒன்று புரிந்தது. ஒருவரை அவருடைய தப்போடு விட்டுவைக்கலாம், அந்தத் தப்புக்கு அவர் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை என்றால். என் வகுப்பில் அந்தப் பாதுகாப்பை நான் உண்டாக்கி வைத்திருக்கிறேன். உனக்கு அந்த நாற்காலியில் அது கிடையாது. அது தெரிந்தும் உன்னைத் தனியே விட்டேன். மன்னித்துவிடு.

நீ பூஜ்யத்தைப் பற்றி எழுதினாயே, அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். சண்டை நடந்த நான்கு நாளும் ஒன்பது பேர் ஒரு வரிகூட எழுதவில்லை. சத்தத்தில் அவர்கள் காணாமல் போயிருக்கிறார்கள். வகுப்பே கொதிக்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒன்பது பேர் மணி அடிக்கக் காத்திருந்தார்கள். அந்த ஒன்பது பேர் விஷயத்தில் நீ சொன்னது சரி. இனி எந்தக் கணக்கையும் வெள்ளிக்கிழமைக்குள் நானே முடித்துவைப்பேன்.

ஆனால் நீ சொல்லும் ஏற்பாடு வேண்டாம். அந்த நாற்பத்திரண்டு நோட்டிலும் 24 என்று இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டு என்னை நிரந்தரம் செய்தால், அந்த வகுப்பில் முப்பது வருடம் நான் எதை நிரந்தரமாகச் சொல்லிக்கொடுப்பேன்? பெரியவர்கள் தப்பாகச் சொன்னால் எழுதிக்கொண்டு வாயை மூடு என்பதையா? அதற்கு நான் தேவையில்லை. அப்படித்தான் என்றால் பதினான்காம் தேதி என் பெயரை எடுத்துவிடு. நிஜமாகத்தான் சொல்கிறேன், வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

நாளையும் மறுநாளும் எனக்கு அடையாற்றில் பயிற்சி வகுப்பு. எட்டு பி-க்கு யாரையாவது அனுப்பு.

ஸஹானா


14 ஆகஸ்ட், வியாழன், மாலை

ஸஹானா,

எட்டு பி-க்கு நானே போனேன். செவ்வாய்க்கிழமை, கதவைத் தட்டிவிட்டு.

உன் கணக்கைப் பலகையில் எழுதினேன். அடியில் 24 என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன். 'இதை ஒத்துக்காதவங்க கை தூக்குங்க' என்றேன். நாற்பத்திரண்டு பேரில் ஒரு கைகூட எழவில்லை. காத்திருந்தேன். ஃபேன் சத்தம் மட்டும்தான். முதல் பெஞ்சில் ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, நான் எதை எதிர்பார்க்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக என் பள்ளியில் ஒழுங்கு நன்றாக இருக்கிறது என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவந்திருக்கிறேன். நான் ஒழுங்கு என்று சொன்னது இந்த அமைதியைத்தான் என்று அங்கே நின்றபோது தெரிந்தது.

பிறகு சொன்னேன். 'போன வாரம் நான் கேள்வியைப் படிக்காமலே விடையை அடிச்சேன். இப்ப படிக்கப்போறேன்.' முதல் வரியை வாசித்து நிறுத்தி, 'அரை மணில எவ்வளவு தூரம்?' என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து 'பத்து' என்று ஒரு குரல் மெல்ல வந்தது. அடுத்த வரிக்கு நாலைந்து பேர் 'பதினஞ்சு' என்றார்கள். அப்புறம் சிம்ரா எழுந்தாள். நான் அவளைக் கேட்கவில்லை, அவளாகவே எழுந்தாள். 'மிஸ், நீங்க ரெண்டு தூரமும் ஒண்ணுன்னு நெனச்சிட்டீங்க. நேரம்தான் மிஸ் ஒண்ணு.'

'ஆமா, நான் தப்பாப் போட்டுட்டேன்' என்றேன்.

பின்னாலிருந்து யாரோ ஒரு வாலு, 'அப்போ மெமோ யாருக்கு மிஸ்?' என்றது. வகுப்பே சிரித்தது. மெமோ விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, இந்தக் கட்டிடத்தில் சுவருக்கெல்லாம் காது. நானும் சிரித்துவிட்டேன். ஏழாம் வகுப்பில் கேட்ட அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. இது வேறு மாதிரி இருந்தது. எல்லோரும் நோட்டைத் திறந்து 24-ஐ அடித்தார்கள். சிலர் ரொம்ப ஆசையாக அடித்தார்கள்.

இன்று நிர்வாகக் குழுக் கூட்டம். பெற்றோருக்கு அனுப்பப்போகும் கடிதத்தை முதலில் அங்கே வாசித்தேன். 'எட்டு பி வகுப்பில் எழுதியிருந்த 25 சரியான விடை. அதைத் தவறாகத் திருத்தியது நான். ஆசிரியை ஸஹானாவிடம் தவறு ஏதும் இல்லை.' கீழே என் கையெழுத்து.

ராகவேந்திரன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். 'என்னம்மா இது? ஸ்கூல் லெட்டர்ஹெட்ல ஹெச்.எம்.மே தப்புன்னு எழுதிக்கறதா? பேரண்ட்ஸ்லாம் என்ன நெனச்சுப்பா? அதான் அடங்கிடுத்தே!'

'சார், எட்டு பி-ல நாப்பத்திரண்டு பேருக்குத் தெரியும். அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லியாச்சு. நாம எழுதலைன்னா தெரியாத ஆளுங்க நாம மட்டும்தான்.'

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, 'சரி, அனுப்புங்கோ' என்றார். உன் தகுதிகாண் காலத்தை ஆறு மாதம் நீட்டலாம் என்று வேறொருவர் சொன்னார். 'தப்புப் பண்ணினது நான். நீட்டறதுன்னா என்னுடையதை நீட்டுங்க' என்றேன். வீரமாகச் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே. அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்! இன்னும் ஆறு மாதம் நான் பொறுப்புத் தலைமை ஆசிரியைதான். உனக்குப் பணி நிரந்தரம். ஆணை இத்துடன் இருக்கிறது.

கடிதம் மூன்று மணிக்குப் பெற்றோர் குழுவுக்குப் போனது. அச்யுத் ஒரு கட்டைவிரல் படம் போட்டார். அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு பீரியட் இனி நானும் பாடம் எடுக்கப்போகிறேன். செவ்வாய், மூன்றாம் பீரியட், ஏழு ஏ. உனக்கு அப்போது வகுப்பு இல்லை. கடைசி பெஞ்சில் வந்து உட்கார். கண்ணில் பட்டதை அன்றைக்கே சொல்லிவிடு. மூன்று நாள் கழித்து வேண்டாம்.

ஜஹீதா


19 ஆகஸ்ட், செவ்வாய், காலை 11.20

ஜஹீதா,

மூன்றாம் பீரியட் முடிந்து பத்து நிமிடம்தான் ஆகிறது. நான்காம் பீரியடுக்குப் போகும் முன் எழுதுகிறேன்.

பின்னங்களை நீ விளக்கியது அழகு. சப்பாத்தியை நான்காகக் கிழித்த இடத்தை நான் திருடிக்கொள்ளப்போகிறேன். எல்லோர் நோட்டையும் நடந்துபோய்ப் பார்த்தாய். அதை நான் உன்னிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாற்பது நிமிடத்தில் பதினாறு கேள்வி கேட்டாய். எண்ணினேன். பதினான்கு கேள்விக்கு நீயே பதில் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் இரண்டு நொடிதான் காத்திருந்தாய், அதற்குள் உனக்குத் தாங்கவில்லை.

ஆனால் பதினைந்தாவது கேள்விக்கு எட்டு நொடி பொறுத்தாய். ஆறாவது நொடியில் நீ சாக்பீஸை எடுத்ததைப் பார்த்தேன், பிறகு கீழே வைத்துவிட்டாய். ஏழாவது நொடியில் ஜன்னலோரம் ஒரு பெண், பீரியட் முழுக்க வாயே திறக்காதவள், பாதிக் கையை மேலே தூக்கினாள். நீ பலகைப் பக்கம் திரும்பியிருந்ததால் பார்க்கவில்லை. ஒன்பதாவது நொடியில் நீயே விடையைச் சொன்னாய், கை இறங்கிவிட்டது.

அவள் பெயர் ஆயத். அடுத்த செவ்வாய் பத்து நொடி பொறு. பலகையைப் பார்க்காதே.

ஸஹானா